தாம்பாளத்தில் வைத்த போன்

"காப்பியா, சிராப்பா, தலைவரே?"

காப்பி போதும், தம்பி, அந்தச் சிவப்புச் சர்பத் வேண்டாம். சீனி வேண்டாம். எனக்கு இனிப்பு நீர் வியாதி என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கோயில் அன்னதானத்தில் பாயச வாளியோடு வரும்போது என் இலையை மட்டும் தாண்டிப் போய்விடுவார். அப்படிப்பட்ட அக்கறை இப்போது யாருக்கு இருக்கிறது. அவர் படத்துக்குப் போட்ட மாலை வாடிவிட்டது, கவனித்தீர்களா. இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

நீங்களும் உட்காருங்கள், காந்தன். வீட்டுக்காரர் நிற்க, வந்தவன் உட்கார்ந்திருந்தால் நன்றாயில்லை. போன் மேசைமேலேயே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. காலையில் நீங்கள் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அதற்கு வருவோம். நான் எதையும் மறைக்க வரவில்லை. இத்தனை வருடம் நற்பணி மன்றத்தின் தலைவராக இருந்துவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருச்செல்வம் நழுவிவிட்டான் என்று இந்தப் பத்து பெரண்டாம் ஊரில் ஒருவர்கூடச் சொல்லக் கூடாது.

முதலில் அந்தப் பதவி நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருகையாளர் வாரியம் என்று ஒன்று உண்டு. ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆட்களை அதில் போடுவார்கள். அவர்கள் அவ்வப்போது வார்டுகளைச் சுற்றிப் பார்த்து, நோயாளிகளின் குறைகளைக் கேட்டு, நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையைப் பார்த்தால் காவலாளி கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பார். படுக்கையில் இருக்கும் நம் ஜனங்கள் எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். நான் அட்டை இல்லாமலேயே பல தடவை பிஸ்கட் பொட்டலங்களோடு போய் அவர்களை எழுப்பி உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தவன். அனுபவம் இருக்கிறது.

வாரியத்தில் நம்மவர் ஒருவருக்கு இடம் இருக்கிறது, பெயர் கொடுங்கள் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் பெயரை நானே சொன்னால் அடக்கமாக இருக்காது என்று சாமிக்கண்ணுவைச் சொல்லவைத்தேன். மன்றத்தின் செயலாளர் அவர்தானே. மைக், நாற்காலி, நேரலை எல்லாம் அவர் பொறுப்பு. இந்த முறை மருத்துவம் தெரிந்தவராக வேண்டும் என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்வதற்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டுமாம். காலம் எப்படியெல்லாம் மாறுகிறது பாருங்கள்.

சரி என்று டாக்டர் பவானேஸ்வரியின் பெயரை நானே கொடுத்தேன். பக்கத்துப் பாயா ரும்புட்டில் கிளினிக் வைத்திருப்பவர். சொந்தப் போன் நம்பரை ஊருக்கே கொடுத்துவைத்திருப்பவர், கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து பார்ப்பவர். நாள் முழுக்க நோயாளிகள். இவருக்குக் கூட்டத்தில் உட்கார நேரம் எங்கே கிடைக்கப்போகிறது, 'என் சார்பா நீங்க போயிட்டு வாங்க, அண்ணே' என்று சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை செய்ய ஒருவர், உட்கார ஒருவர் என்பதுதானே நம் சங்கங்களின் நடைமுறை.

ஆனால் அவர் போனார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

நியமனம் வந்ததும் அவருடைய முதல் வார்டு வருகைக்கு நானும் சாமிக்கண்ணுவும் கேமராவோடு ஆஸ்பத்திரி முன்வாசலில் நின்றோம். ரொம்ப நேரம் நின்றோம். அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக முன்னமே உள்ளே போய், பெண்கள் வார்டில் ஒரு வயதான அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இந்தம்மாவுக்கு மலாய் வராது. வலி எங்கன்னு சொல்லத் தெரியாம முழிச்சுக்கிட்டு கெடக்காங்க. தமிழ் பேசற ஆளு ஒருத்தரைப் போடச் சொல்லணும்."

"நல்ல யோசனை, டாக்டர். அப்படியே ஒரு படம் எடுத்துக்குவோம்."

"படம்லாம் வேணாம்லா, அண்ணே. பேஷண்ட்டைப் படம் எடுக்கக் கூடாது. பிஸ்கட்டை அங்க நர்ஸ்கிட்ட குடுத்துருங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சாமிக்கண்ணு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் மறந்துவைத்த பழம்போல அது உள்ளேயே இருந்து பழுத்தது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் தொண்டர் ஒருவர் வந்தார். மருந்து வாங்கும் இடத்தில் நாற்காலிகள் கூடின. நல்ல விஷயம்தான், நானே மைக்கில் பாராட்டியிருக்கிறேன். ஆனால் ஜனங்களுக்கு ஒரு பழக்கம், ஒருவர் ஒரு வேலையைச் செய்து கொடுத்துவிட்டால் எல்லா வேலைக்கும் அவரிடமே போவார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, அடையாள அட்டைக்கு, வீட்டு வாடகைத் தகராறுக்கு, எல்லாவற்றுக்கும் 'டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க' என்றார்கள். சனிக்கிழமை காலைகளில் என் வீட்டு வாசலில் கழற்றிக் கிடக்கும் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு சனிக்கிழமை என் செருப்பு மட்டும் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றேன்.

அதனால் டாக்டருக்குப் பாராட்டு விழா எடுத்தேன். நம் ஊரில் ஒருவரை அசையாமல் உட்காரவைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

என் விழாக்களில் இரண்டு விதிகள் உண்டு. மேடையில் அமர்பவர்கள் தங்கள் போனைப் பூ பரப்பிய தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு வருடம் குத்துவிளக்கு ஏற்றுகிற நேரத்தில் ஒரு பிரமுகரின் சட்டைப்பைக்குள்ளிருந்து குத்துப்பாட்டு கிளம்பியது. அன்றிலிருந்து இந்தத் தாம்பாளம். அது எப்போதும் என் பக்கத்தில் இருக்கும். இன்னொரு விதி, கடைசிப் பொன்னாடை விழும்வரை நாயகர் எழுந்திருக்கக் கூடாது. கொண்டுவந்த ஒவ்வொருவரின் பெயரையும் நான் மைக்கில் வாசிப்பேன். வந்து போர்த்துவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், இறங்குவார்கள். நடுவில் நாயகர் எழுந்தால் பெயர் வராதவர்கள் அடுத்த திருவிழாவரை என்னோடு பேச மாட்டார்கள்.

புக்கிட் பெருவாங் மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். டாக்டர் தாம்பாளத்தின் முன் தயங்கினார்.

"அண்ணே, பேஷண்ட் யாராச்சும் கூப்பிடுவாங்க."

"நான் பக்கத்துலயேதான் இருக்கேன், டாக்டர். அவசரம்னா உடனே உங்க கையில குடுத்துடறேன்."

நம்பி வைத்தார். அப்போது என் மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

உங்கள் அம்மா முட்டிவலியால் வர முடியாமல், பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் ஒரு பொன்னாடை கொடுத்து அனுப்பியிருந்தார். பச்சைக் கரை போட்டது. மற்றவர்கள் எல்லாம் வேறு விழாவில் தங்களுக்கு விழுந்ததை மடித்துக் கொண்டுவருவார்கள். ஒரே பொன்னாடை மலாக்காவைச் சுற்றிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாததா. உங்கள் அம்மா காளியம்மா மட்டும் புதிதாக வாங்கியிருந்தார். விலைச்சீட்டைக் கிழித்த நூல்கூட அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பொன்னாடை வரிசை பாதியில் இருந்தபோது தாம்பாளத்தில் பூக்கள் நடுங்கின. டாக்டரின் போன்தான். திரையில் உங்கள் பெயர். அடித்துக்கொண்டே இருப்பதை எடுக்காமல் விடுவது மரியாதையில்லை என்று மேடைத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

"டாக்டர், அம்மாவுக்கு என்னமோ மாதிரி இருக்குலா. உடம்பு பூரா வேர்க்குது. தாடை வலிக்குதுங்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடட்டா, இல்ல நீங்க வர்றீங்களா?"

"நான் தலைவர் பேசறேன், காந்தன். டாக்டர் இங்கதான் இருக்காங்க. லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்."

மேடைக்குப் போனேன். டாக்டரின் காதருகில் குனிந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, ஏதோ சொல்லித் தலையாட்டினார். கேமரா மின்னியது. திரைக்குப் பின்னால் திரும்பி வந்தேன்.

"வெயிட் பண்ணச் சொல்றாங்க, காந்தன். முடிஞ்சதும் நேரா உங்க வீட்டுக்கு வர்றாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போனா கியூவுல உக்கார வெச்சிருவாங்க, அம்மா தாங்க மாட்டாங்கங்கிறாங்க. சுடுதண்ணி குடுத்துப் படுக்க வைங்க."

"சரிங்க, தலைவரே. ரொம்ப நன்றிங்க."

நன்றி சொன்னீர்கள். அந்த நேரத்திலும் மரியாதை தவறவில்லை. வளர்ப்பு அப்படி.

உங்கள் கார் வாசலில்தான் நின்றது. இந்தத் தாமான் குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு, ரேடியோவில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். வேறு யாராவது காத்திருக்கச் சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் சொன்னது நம்ம டாக்டர். அதுவும் தலைவர் வாயால். நம் ஜனங்கள் ஆஸ்பத்திரியில் நம்பிக்கை வைப்பதில்லை, ஆட்களிடம் வைக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொள்வார். பாவம், அவருடைய முயற்சிக்குப் பலன் கிடைக்கவில்லை.

நான் மைக்கிடம் திரும்பினேன். அடுத்த பெயரை வாசித்தேன். காளியம்மா குடும்பத்தார் சார்பில் என்று வாசித்தேன். முனியம்மா வந்து பச்சைக் கரைப் பொன்னாடையைப் போர்த்தினார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "காளியம்மா வரலையா? முட்டிவலி தேவலையா?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க, டாக்டர்" என்றார் முனியம்மா. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

மறுபடி பூக்கள் நடுங்கின.

"தலைவரே, மூச்சு ரொம்ப வாங்குதுலா. டாக்டர் கெளம்பிட்டாங்களா?"

"கார்ல ஏறிட்டாங்க, காந்தன்."

அப்புறம் நிகழ்ச்சி நிரலில் இல்லாத இரண்டு பேரைப் பேச அழைத்தேன். ஒருவர் சித்தர்கள் காலத்திலிருந்தே தமிழனுக்கு மருத்துவம் தெரியும் என்று ஆரம்பித்து நிதானமாக இன்றைய காலத்துக்கு வந்துகொண்டிருந்தார். நான் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அதற்குப் பிறகு அடிக்கவில்லை. பூக்கள் அப்படியே கிடந்தன. வெளியே மழைக்கு முந்தின வெளிச்சம், மண்டபம் முழுக்க மஞ்சளாக நிரம்பியிருந்தது. எனக்கு ஏனோ மனம் லேசாக இருந்தது.

விழா முடிந்து போனைக் கொடுக்கும்போது டாக்டர் கேட்டார், யாராவது கூப்பிட்டார்களா என்று.

"காந்தன் கூப்பிட்டாரு, டாக்டர். அம்மாவுக்கு முட்டிவலி மாத்திரை முடிஞ்சிடுச்சாம். நாளைக்குக் கிளினிக் வர்றேன்னாரு."

"நாளைக்கு எதுக்கு, நானே போற வழியில குடுத்துட்டுப் போறேன்."

வந்தார், பார்த்தீர்களா. நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்தில் கடைசி மாலை வாடாமல், கையில் மாத்திரையோடு, நீங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்த வீட்டுக்குள் அவர் நுழைந்தார். மாலையோடு. அதை நான் திட்டமிட்டிருந்தால்கூட அப்படி அமைந்திருக்காது.

மறுநாள் இறுதிச் சடங்கில் எல்லோர் முன்னாலும் நீங்கள் அவரைக் கேட்டீர்கள், காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று. "நான் எதுவும் சொல்லல, காந்தன். போன் என்கிட்ட இல்ல" என்றார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்கு ஒரு வழிதான் திறந்துவிட்டேன். "மேடையில உங்க காதுல கேட்டேனே, டாக்டர். நீங்க தலையாட்டினீங்க. கூட்டச் சத்தத்துல சரியா விளங்கலையோ என்னமோ" என்றேன். மாத்திரைன்னுதானே என்கிட்ட சொன்னீங்க என்று அவர் ஆரம்பித்தது அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சாயங்காலத்துக்குள் நான் குனிந்திருக்கும் அந்தப் படம் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போய்விட்டது. நான் அனுப்பியது ஒரே ஒரு குழுவுக்குத்தான். 'பொன்னாடைக்கு ஆசைப்பட்டு ஒரு உசிரை விட்டுட்டாங்க' என்று எழுதியது நான் இல்லை, யாரோ.

டாக்டர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். சத்தத்தில் தான் எதற்குத் தலையாட்டினோம் என்று சாமிக்கண்ணுவிடம் கேட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு முன் வாரியத்திலிருந்து விலகிவிட்டார். வாங்கிய பொன்னாடைகளையெல்லாம் பைகளில் போட்டு மன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். கிளினிக் பக்கம் நம்மவர்கள் இப்போது அதிகம் போவதில்லை என்று கேள்வி. மேலிடத்தில் இந்த முறை மருத்துவம் தெரிந்தவர் வேண்டாம், பொறுப்பானவர் போதும் என்றார்கள். எல்லோரும் வற்புறுத்தினார்கள். ஏற்றுக்கொண்டேன்.

இப்போது காணொளிக்கு வருகிறேன்.

டாக்டருக்கு முன்னால் இருந்த பூச்சாடிக்குள் சாமிக்கண்ணு நேரலைக்காக ஒரு சின்ன மைக் வைத்திருந்தார். மண்டபத்தில் கேட்காது, ஃபேஸ்புக்கில் மட்டும் கேட்கும். நல்ல மைக்காக வாங்குங்கள் என்று சொன்னதே நான். நம் விழாக் காணொளியை யாரும் முழுக்கப் பார்ப்பதில்லை, அவரவர் முகம் வரும் இடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நீங்கள் உங்கள் அம்மாவின் பொன்னாடை வரும் இடத்தைத் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். அதற்குச் சற்று முன்னால் நான் குனிகிறேன். "காப்பியா, சிராப்பா, டாக்டர்?" என்று கேட்கிறேன். "சிராப் போதும், அண்ணே" என்கிறார். ஒலி துல்லியமாக இருக்கிறது.

ஆமாம். அவ்வளவுதான் கேட்டேன்.

உங்களுக்கு இன்னொன்றும் கேட்க வேண்டும் என்று முகத்தில் தெரிகிறது. தலைவருக்கு மருத்துவம் தெரியாது, ஆபத்து என்று விளங்காமல் சொல்லியிருப்பார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்கு வசதிதான். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. போன வருடம் அதே மண்டபத்தில் டாக்டர் மாரடைப்பைப் பற்றிப் பேசினார். உங்களுக்கு அன்று ஃபேக்டரியில் ஷிப்ட், வரவில்லை. "வேர்த்துக் கொட்டினா, தாடை வலிச்சா எனக்குக் கூடப் போன் பண்ணாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்றார். நன்றியுரை என்னுடையது. அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அதனால் நீங்கள் தாடை என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. திரைக்கும் மேடைக்கும் நடுவே நடந்தபோது யோசித்தேன். காளியம்மா பிழைத்துவிட்டால் டாக்டர்மேல் ஒரு புகார் வரும், அவ்வளவுதான். புகாருக்கெல்லாம் நாற்காலி காலியாகாது. போய்ச் சேர்ந்தால்தான் காலியாகும். அது தெரிந்துதான் காத்திருக்கச் சொன்னேன்.

எழுந்துவிட்டீர்களே. காப்பியைக் கீழே வையுங்கள், சிந்திவிடும்.

நான் கெட்டவன் என்றால் இங்கே வந்திருப்பேனா, தம்பி. அம்மாவின் பெயரை நான் மறக்கவில்லை. வாரியத்தில் என் முதல் வேலை, அவர் பெயர் எழுதிய ஒரு சக்கர நாற்காலியை அவசரப் பிரிவுக்குக் கொடுப்பது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய ஒரு பெண்ணின் பெயர் ஆஸ்பத்திரியில் உருளப்போகிறது. டாக்டர் இருந்திருந்தால் இதெல்லாம் நடக்குமா. அவர் படம்கூட எடுக்க விடமாட்டார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டு விழா. சாமிக்கண்ணு பிடிவாதமாக ஏற்பாடு செய்கிறார். திரும்பி வந்த பைகளில் அம்மாவின் பொன்னாடையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே தடவைதான் போர்த்தியது, மடிப்புகூடக் கலையவில்லை. முதல் பொன்னாடையாக அதை நீங்கள் எனக்குப் போர்த்தினால் ஊரில் பேச்செல்லாம் அடங்கிவிடும். அம்மாவும் சந்தோஷப்படுவார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அட, உங்கள் போன். டாக்டர் பவானேஸ்வரி என்று வருகிறது. அவருக்கும் காணொளியை அனுப்பிவிட்டீர்களா. பரவாயில்லை, பதறாதீர்கள். நாம் முக்கியமான விஷயம் பேசிக்கொண்டிருக்கிறோம், இந்த நிலையில் நீங்கள் பேசினால் வார்த்தை தடித்துவிடும். அதை இப்படிக் கொடுங்கள், தம்பி. நான் பேசிவிட்டுச் சொல்கிறேன்.